கினோவான் கடற்கரையும் ஓர் ஆட்டப்பாட்டும்

யப்பானுக்குப் போய் வந்தோம் என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "புஜி மலை பார்த்தனீங்களே?" என்பதுதான். இல்லை, பார்க்கவில்லை. ரோக்கியோவில் விமானம் மாறி ஏறியதோடு சரி. நாங்கள் போனது அங்கிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் தென்மேற்கே, தாய்வான் பக்கமாகக் கடலில் நீண்டு கிடக்கும் ஒகினாவாத் தீவுக்கு.

எங்கள் மூத்த மகள் அங்கே இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்கிறாள். "ஒருக்கா வந்து பாருங்கோ, எங்கட ஊர் மாதிரியே கிடக்கு" என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக ரொறன்ரோப் பனியில் காலந் தள்ளும் எங்களுக்கு, ஊர் மாதிரி என்ற ஒரு சொல் போதாதா? புறப்பட்டுவிட்டோம்.

அவள் சொன்னது பொய்யில்லை. தலைநகர் நாஹாவின் சந்தையில் முதலில் கண்ணிற் பட்டது பாகற்காய்க் குவியல். முட்டையும் சோயா அவரைக் கட்டியும் போட்டு அதை வறுத்துச் சாப்பிடுகிறார்கள். பச்சைப் பப்பாசிக்காயையும் நறுக்கிக் கறியாக்குகிறார்கள். கரும்புப் பாணியைக் காய்ச்சி இறுக்கிய கறுத்தச் சீனிக் கட்டியை வாயிற் போட்டபோது பனங்கட்டி ஞாபகம் வந்தது. வெயிலும் உப்புக் காற்றும் அப்படியே. கார்கள் எங்கள் ஊரைப் போல இடப்பக்கமாக ஓடுகின்றன. ஆனால் 1978 ஜூலை 30 வரை இங்கே வலப்பக்கமாகத்தான் ஓடினவாம். அதற்குக் காரணம் அமெரிக்கர்கள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

இரண்டாம் நாள் காரில் போகும்போது மகள் ஒரு பாட்டைப் போட்டாள். இடி இடிப்பது போன்ற தாளம், அதற்கு மேலே உயரத்தில் ஏறிப் பாடும் ஓர் இளம்பெண்ணின் குரல்.

"இதென்ன பிள்ளை, காதை அடைக்குது" என்றோம்.

"இது இந்த ஊர்ப் பிள்ளை பாடினது. பதினெட்டு வயசில. நீங்கள் கட்டாயம் கேக்கவேணும்" என்று சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

அன்று பின்னேரமே பழைய புத்தகங்களும் இசைத்தட்டுகளும் விற்கும் ஒரு கடைக்குள் எங்களைக் கூட்டிப்போனாள். ஒரு மூலையில், ஊதுபத்திப் பெட்டி போல ஒடுங்கி நீண்ட கடதாசி உறைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்தன. உள்ளே 8 சென்ரிமீற்றர் அகலமுள்ள சின்ன இறுவட்டு. 1988 இலிருந்து ஏறக்குறையப் பத்து வருடங்களுக்கு யப்பானில் தனிப்பாடல்கள் இந்த வடிவத்தில்தான் வெளிவந்தன. ஒரு பாட்டு, இன்னொரு பாட்டு, அநேகமாக முதற் பாட்டின் குரல் நீக்கிய இசையும் கூட. வாங்கியவர்கள் வீட்டில் தாங்களே பாடிப் பழகலாம். யப்பானியர்கள் இந்த உறைக்கு 'தன்சக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கவிதை எழுதுவதற்கும், ஆடிமாதத் திருவிழாவில் தங்கள் வேண்டுதலை எழுதி மூங்கிலிற் கட்டுவதற்கும் பயன்படும் ஒடுங்கிய தாளின் பெயர் அது.

மகள் தேடி எடுத்த தட்டின் பெயர் 'பொடி ஃபீல்ஸ் எக்சிற்'. எங்கள் ஊர்ப் பொடியளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; வெளியேறும் வாசலை உடம்பு உணர்கிறது என்பது போல ஒரு கருத்து. பாடியவர் அமுரோ நமியே. வெளிவந்த நாள் 1995 ஒக்டோபர் 25, புதன்கிழமை.

மகள் சொல்லியும், பிறகு நாங்களே தேடி வாசித்தும் அறிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

அமுரோ 1977 செப்ரெம்பர் 20 இல் பிறந்தவர். தாய் தனியாக உழைத்து வளர்த்த பிள்ளை. நாஹாவில் மாக்கினோ மசாயுக்கி என்பவர் 1983 இல் தொடங்கிய ஆட்டமும் பாட்டும் பழக்கும் பள்ளி ஒன்று இருந்தது. தோழி ஒருத்தியோடு சும்மா பார்க்கப் போன சிறுமியின் நடையைக் கண்டே, சம்பளம் வேண்டாம், வந்து படி என்று மாக்கினோ சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பஸ்ஸுக்குக் காசில்லாமல் ஒன்றரை மணித்தியாலம் நடந்து வந்து பழகிவிட்டு, திரும்பவும் நடந்தே போவாராம். 1992 செப்ரெம்பர் 16 இல், அதே பள்ளியிற் பழகிய ஐந்து பெண்பிள்ளைகள் 'சூப்பர் மங்கீஸ்' என்ற குழுவாக ரோக்கியோவில் முதற் பாட்டை வெளியிட்டார்கள். அது பெரிதாக விற்கவில்லை. அதன் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முயல் வேடம் போட்டுக்கூட அமுரோ வந்திருக்கிறார்.

1995 ஜனவரியில் 'ட்ரை மீ' என்ற பாட்டு நன்றாக ஓடியது. ஐரோப்பிய ஆட்டப்பாட்டு ஒன்றின் மெட்டில் யப்பானிய வரிகள் எழுதிய பாட்டு அது. அந்த வருட இறுதிக்குள் அமுரோ தனிப் பாடகியாகி, இசைத்தட்டுக் கம்பனியும் மாறி, தெத்சுயா கொமுரோ என்ற இசையமைப்பாளரிடம் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் கொமுரோ தொட்டதெல்லாம் பொன். அவர் அமுரோவுக்கு அமைத்த முதற் பாட்டுத்தான் எங்கள் கையில் இருந்த சின்னத் தட்டு. விற்பனை வரிசையில் மூன்றாம் இடம் வரை ஏறி, 8 இலட்சத்துக்கும் அதிகமாக விற்றது. ஆறு வாரம் கழித்து, டிசெம்பர் 4 இல் வந்த அடுத்த பாட்டு முதலிடம் பிடித்துப் பத்து இலட்சத்தைத் தாண்டியது. அடுத்த வருடம் யப்பான் முழுவதும் பெண்பிள்ளைகள் அவரைப் போல மெல்லிய புருவமும் தடித்த அடிச் சப்பாத்தும் போட்டுத் திரிந்தார்கள். அவர்களுக்கு 'அமுரா' என்றே பெயர் வந்து, 1996 ஆம் ஆண்டின் புதுச்சொற்களில் ஒன்றாகவும் அது தெரிவானது.

அந்த நாளைய ஒளிப்பதிவுகளை மகள் காட்டினாள். ஒரு விநாடியும் நிற்காமல் ஆடிக்கொண்டே பாடுகிறார். மூச்சு வாங்கவில்லை. நடந்து உரமேறிய கால்கள் அல்லவா என்று பேசிக்கொண்டோம்.

இதுவரை இது ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் கதை. இப்படி எல்லா நாட்டிலும் உண்டு. இதை இங்கே எழுதத் தூண்டியது மூன்றாம் நாட் பயணம்.

நாஹாவிலிருந்து 58 ஆம் இலக்கப் பெருந்தெருவால் வடக்கே போனால் கினோவான் என்ற நகரம் வரும். அங்கே காக்காசு என்ற மேட்டில் ஏறி நின்றோம். கீழே நகரத்தின் நட்டநடுவில், வீடுகளும் பள்ளிக்கூடங்களும் சுற்றி நெருங்கி நிற்க, அமெரிக்கப் படையின் ஃபுத்தென்மா விமானத்தளம் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. நாங்கள் நின்ற நேரத்திலும் உலங்குவானூர்தி ஒன்று இரைந்துகொண்டு போனது. முப்பது வருடம் கழிந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எங்கள் தலை தானாகக் குனிகிறது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஒகினாவா முன்னர் தனி இராச்சியம். 1879 இல் யப்பான் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1945 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த போரில் இரண்டு இலட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் ஊர்ச்சனங்கள். நாங்கள் நின்ற அந்த மேடே கடும் சண்டை நடந்த இடம். போர் முடிந்ததும் அமெரிக்கர் தீவைத் தம் ஆட்சியில் வைத்துக்கொண்டு, 1972 மே 15 இல்தான் யப்பானிடம் திருப்பிக் கொடுத்தார்கள். தளங்கள் மட்டும் போகவில்லை. யப்பானின் நிலப்பரப்பில் நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாத இந்தத் தீவுகளில்தான், அந்நாட்டில் அமெரிக்கப் படையினர் தமக்கென வைத்திருக்கும் நிலத்தில் ஏறக்குறைய எழுபது வீதம் இருக்கிறது. ஃபுத்தென்மாவைத் திருப்பித் தருவதாக 1996 இல் உடன்பாடு கண்டார்கள். நாங்கள் போன நாளிலும் அது அங்கேயே இருந்தது.

மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரைக்குப் போனோம். கினோவான் கடற்கரைப் பூங்கா அமைதியான இடம். புல்வெளி, சவுக்கு மரங்கள், பக்கத்தில் பெரிய மாநாட்டு மண்டபம். அங்கே இருந்துகொண்டுதான் மகள் சொன்னாள்.

1995 செப்ரெம்பர் 4 அன்று மூன்று அமெரிக்கப் படையினர் 12 வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடத்திச் சென்று வன்புணர்ந்தார்கள். தீவே கொதித்தெழுந்தது. ஒக்டோபர் 21, சனிக்கிழமை, இந்தப் பூங்காவில் 85,000 பேர் கூடியதாக ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொன்னார்கள். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி மேடையேறி, அமைதியான ஒகினாவாவை எங்களிடம் திருப்பித் தாருங்கள் என்று கேட்டாள். அவளுக்கும் அமுரோவுக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஒருத்தி இந்தப் புல்வெளியில் அழுகையை அடக்கிப் பேசினாள். நாலு நாள் கழித்து மற்றவளின் ஆட்டப்பாட்டு நாடெங்கும் கடைகளுக்கு வந்தது.

"ஒக்டோபர் 21, ஒக்டோபர் 25" என்று மகள் விரல் மடித்தாள். "அடுத்த திங்கட்கிழமை என்ன நாள் எண்டு தெரியுந்தானே?"

தெரியாமல் என்ன? ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்ட நாள். நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் இலட்சக்கணக்கான சனம் அடி அடியாக அரைந்த நாள். எங்கள் இருவரின் பெற்றோரும் அந்தச் சனத்துக்குள் இருந்தார்கள். நாங்கள் ரொறன்ரோவில் ஒரு தொடர்மாடியின் எட்டாம் தட்டில், கடன்காசில் வாங்கிய வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். சாவகச்சேரியிலிருந்து கடிதம் வர நாற்பது நாளுக்கு மேல் எடுத்தது.

அந்த நவம்பரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளின் கலைவிழா நடக்க இருந்தது. மூத்தவளுக்கு ஒன்பது வயது. மயில் நடனத்துக்கு மூன்று மாதமாகப் பழகினாள். பச்சைச் சட்டை தைத்தாகிவிட்டது. சலங்கை ஊரிலிருந்து அம்மம்மா அனுப்பியது. பெற்றோர் கூட்டத்தில், "சனம் மழைக்குள்ள நிக்குது, இங்க சலங்கை கட்டி ஆடுறதோ?" என்று முதலிற் கேட்டது வேறு யாருமில்லை, நாங்கள்தான். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நடனங்கள் நிறுத்தப்பட்டன, அஞ்சலிக் கூட்டம் மட்டும் நடந்தது. பிள்ளை ஒன்றும் பேசவில்லை. சலங்கையை நீல நிறப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து மூடினாள். பிறகு எந்த வருடமும் ஆடக் கேட்கவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

"உனக்கு அது ஞாபகம் இருக்கே?" என்று அந்தக் கடற்கரையில் கேட்டோம். முப்பது வருடத்தில் முதற் தடவை.

"ஓம்" என்றாள். "கோபம் ஒண்டும் இல்லை. ஆனா அண்டைக்கு நான் நினைச்சது, ஆடினால்தான் தாத்தா ஆக்கள் சாகிற மாதிரி நீங்கள் பயப்பிடுறியள் எண்டு."

அன்றிரவு எங்களுக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் தீவின் தெற்கு முனையில் மபுனி என்ற இடத்துக்குப் போனோம். கடலைப் பார்த்தபடி கரும்பளிங்குச் சுவர்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. போரில் இறந்தவர்களின் பெயர்கள், 2,40,000 க்கும் மேல். ஒகினாவாச் சனம், யப்பானியப் படையாட்கள், அமெரிக்கர், கொரியர், எல்லோர் பெயரும் ஒரே இடத்தில். இதைத் திறந்துவைத்தது 1995 ஜூன் 23. அதே வருடம். ஒவ்வொரு ஜூன் 23 இலும் குடும்பங்கள் வந்து, தங்கள் ஆட்களின் பெயரைத் தேடித் தடவி, தண்ணீரும் பூவும் வைத்து இருந்துவிட்டுப் போகின்றன. எங்களுக்கு இப்படி ஒரு சுவர் எப்போது, எங்கே என்று நினைத்துக்கொண்டோம்.

அங்கே ஒரு மரநிழலில் இருந்து சாப்பிடும்போது மகள் இன்னொரு கதை சொன்னாள். போர் முடிந்த கையோடு சனங்கள் அகதி முகாம்களில் இருந்தார்கள். ஊரின் மூன்று நரம்பு வாத்தியமான சன்ஷின் எல்லாம் எரிந்துபோயின. படையினர் எறிந்த தகரப் பேணியை எடுத்து, தடி பூட்டி, பரசூட் நூலை நரம்பாகக் கட்டிப் புது வாத்தியம் செய்தார்கள். இஷிக்காவா முகாமில் ஒனஹா பூதென் என்ற பல்வைத்தியர் இருந்தார். அவர் இளைஞன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு இரவில் இழவு வீடுகளாகப் பார்த்துப் போய், உயிரைக் கொண்டாடுவோம் வாருங்கள் என்று பாடி ஆடுவாராம். இத்தனை பேர் செத்துக் கிடக்க என்ன கொண்டாட்டம் என்று கோபித்தவர்களும் உண்டு. மிஞ்சியவர்கள் உயிரைக் கொண்டாடாவிட்டால் செத்தவர்களின் ஆத்மாவும் ஆறாது என்பதே அவர் சொன்ன பதிலின் சாரம்.

இதைக் கேட்டபோதுதான் அந்தச் சின்னத் தட்டின் இரைச்சல் எங்களுக்கு வேறு விதமாகக் கேட்டது. அமுரோ போரைப் பற்றியோ தளங்களைப் பற்றியோ அதிற் பாடவில்லை. அது வெறும் ஆட்டப்பாட்டு. ஆனால் துக்கச் செய்தியாக மட்டுமே வெளியில் பேசப்பட்ட ஒரு தீவின் பெயரை, அந்த வருடத்திலேயே, இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி நாடு முழுவதையும் எழுந்து ஆடவைத்துச் சொல்ல வைத்தாள். கூட்டத்தில் பேசிய மாணவியும் தேவை, ஆடிய பெண்ணும் தேவை. ஒருத்தியைக் காட்டி மற்றவளை நிறுத்த வேண்டியதில்லை.

எல்லாம் நன்மை என்று சொல்லவும் வரவில்லை. அமுரோ பாடியது யப்பானிய மொழியில், ஆங்கிலமும் கலந்து. தீவின் சொந்த மொழி வேறு. ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரப்பலகை மாட்டி அவமானப்படுத்தினார்கள். 2009 இல் யுனெஸ்கோ அதை அழியும் ஆபத்திலுள்ள மொழிகளில் சேர்த்தது. இன்று பாட்டிமார் பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை இழுத்துப்போகும் சனி, ஞாயிறுகளில் அலுப்பு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமுரோ 2018 செப்ரெம்பர் 16 இல், முதற் பாட்டு வெளிவந்து சரியாக 26 வருடம் முடிந்த நாளில், பாடுவதிலிருந்து ஓய்வுபெற்றார். அதற்கு முதல்நாள் இரவு கடைசியாக மேடையேறிய இடம் கினோவான் மாநாட்டு மண்டபம். 85,000 பேர் கூடிய அதே பூங்காவின் பக்கம். மறுநாள் அந்தக் கடற்கரையில் வாணவேடிக்கை விட்டு வழியனுப்பினார்கள்.

நாங்கள் திரும்புவதற்கு முதல்நாள் இரவு நாஹாவில் ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடையில் இருந்தோம். கிழவர் ஒருவர் சன்ஷின் வாசித்தார். கடைசியில் தாளம் விரைவாக, இருந்தவர்கள் எல்லோரும் எழும்பிக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி ஆடத் தொடங்கினார்கள். இதற்குக் 'கச்சாஷி' என்று பெயர். கலக்குதல் என்பது கருத்தாம்; இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றாகக் கலக்கிவிடுவது என்று விளக்கம் சொல்கிறார்கள். ஒரு மூதாட்டி வந்து எங்கள் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் எங்களைப் பார்த்தாள். நாற்பதை எட்டப்போகிற பிள்ளை, அனுமதி கேட்பது போல!

"போ பிள்ளை" என்றோம். பிறகு நாங்களும் எழும்பினோம். எங்களுக்கு ஆடத் தெரியாது. கையை மட்டும் தூக்கினோம்.

புதிதாக வந்து குடியேறியிருக்கும் உறவுகளே, உங்களுக்குப் புத்தி சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. அன்று நாங்கள் எடுத்த முடிவு முழுப் பிழை என்றும் சொல்லமாட்டோம். அன்றைய வேதனை அப்படி. ஆனால் கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கு முன் பிள்ளையை மடியில் இருத்தி, ஊரில் என்ன நடக்கிறது, எங்களுக்கு ஏன் பயமாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அவளையும் கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. உங்கள் பிள்ளைகள் புரியாத பாட்டுக்கு வீட்டில் துள்ளும்போது, ஊரை மறந்துவிட்டார்கள் என்று உடனே நினைத்துவிடாதீர்கள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய அன்றே களஞ்சிய அறையைக் கிளறி அந்த நீல நிற ரின்னை எடுத்தோம். சலங்கை கறுத்துப்போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்துவிட்டு மகளுக்குத் தொலைபேசியிற் சொன்னோம்.

"இனி அது என்ர காலுக்குக் காணாது" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எண்டாலும் எறிஞ்சு போடாதேங்கோ" என்றாள்.